முழங்காத ஊஃபர்

அத்தியாயம் 9

ஷட்டர் விழுந்த வேகத்தில் கூரைத் தகரத்திலிருந்து ஒரு பல்லி நழுவி, நேராக உமாசங்கரின் தோளில் வந்து உட்கார்ந்தது.

"மேடம்..."

"என்ன அண்ணாச்சி?"

"டிக்கெட் எடுக்காம ஒருத்தர் ஏறியிருக்காரு."

"அவரைத் தட்டிவிட்டுட்டு ஷட்டரைப் பாருங்க. காத்துல விழுந்துச்சா?"

உமாசங்கர் பல்லியை உதறிவிட்டு, குனிந்து, ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அரை விரல் உயர்ந்து நின்றுவிட்டது. வெளியே இரும்பு இரும்பில் மோதி 'ணங்' என்றது.

"காத்து பூட்டும் போடுமா மேடம்?"

திவ்யலட்சுமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபது.

"யாரு அங்கே? உள்ளே ஆள் இருக்கோம்!"

பதில் இல்லை. வெளியே கல்லாறு பாறைகளில் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரல் அந்த இரைச்சலில் கரைந்துபோனது.

திவ்யலட்சுமி பதினான்கு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். நொறுங்கிய கார்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. இப்போது பழவங்காடியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஏஜென்சி வைத்திருக்கிறாள். உமாசங்கர் இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். ஏஜென்சியின் ஒரே உதவியாளர், ஒரே வாய்.

"ஃபோன்ல ரேஞ்ச்?"

"ஒரு கட்டை கூட இல்லே. மலையடிவாரமல்லே, கல்லாறு பாலம் தாண்டும்போதே செத்துப்போச்சு."

மூன்று பக்கமும் கருங்கல் சுவர். நான்காவது பக்கம் ஷட்டர். கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்தில் ஒரு வென்டிலேட்டர், அதிலும் கம்பி. நடுவில் நயினாருடைய வெள்ளை நிற கார். அவர்கள் இருவரும் சுற்றி நடக்கத்தான் இடம் இருந்தது.

"அஞ்சு மணிக்கு பழவங்காடியில நிக்கணும் அண்ணாச்சி. ஒன்றரை மணி நேர ஓட்டம்."

"அப்போ மூணரைக்குள்ள வெளியே. இல்லேன்னா சுஜித்து உள்ளே."

அதுதான் கேஸ். நயினார் பழவங்காடியில் நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரி. வீடு கரமனையில். கல்லாற்றில் இந்த வீடு, டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுவது. பத்து நாள் முன்பு ஒரு சனிக்கிழமை, அவர் காருக்குப் புது ஆம்ப்ளிஃபயரும் இரண்டு சப்-ஊஃபரும் மாட்ட, கரமனை வீட்டுக்கு வந்தவன் சுஜித். திங்கட்கிழமை பீரோவைத் திறந்தால் பழைய காசுமாலையைக் காணவில்லை. சனிக்கும் திங்களுக்கும் நடுவில் வீட்டுக்குள் வந்த ஒரே வெளியாள் சுஜித்.

இன்று காலை நயினார் அவனைக் கடைக்குக் கூப்பிட்டு, மாடிச் சரக்கறையில் உட்கார வைத்துவிட்டார். படியில் இரண்டு பணியாளர்கள். "அஞ்சு மணி வரைக்கும் டைம். மாலை வரல்லேன்னா போலீஸ் ஸ்டேஷன்" என்று சொல்லிவிட்டார். சுஜித்தின் அம்மா ரத்னாபாய் ஏஜென்சிப் படி ஏறி வந்து சொன்னது ஒன்றுதான்: "திருடன்னு ஒரு தடவை பேரு விழுந்தா, பிறகு எனக்க பிள்ளை கையில ஆரு கார் சாவி குடுப்பா? அவனுக்கு வேற என்ன தொழில் தெரியும்?"

திவ்யலட்சுமிக்குக் கிடைத்த துப்பும் ஒன்றுதான். மாட்டிய அன்று மாலை, கரமனை வீட்டு இரும்பு கேட் நடுங்கும் அளவுக்கு பேஸ், அந்த அடிமுழக்கம், இருந்தது. மறுநாள் காலை குடும்பத்தோடு கல்லாற்றுக்கு வரும்போது பேஸ் இல்லை. நயினாரின் அக்கா மகன் ஜெயகுமார், வழியிலேயே சுஜித்துக்கு ஃபோன் போட்டுத் திட்டியிருக்கிறான். ஒரே இரவில் எங்கே போனது பேஸ்? அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். காரோடு இங்கேயே தங்கிவிட்ட நயினாரின் மனைவி முத்தாரம்மாள் வாசலில் உட்கார்ந்து பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டே கார் சாவியை எடுத்து நீட்டினாள். ஜெயகுமார் பாலத்தடியில் நண்பர்களோடு குளிக்கப் போயிருந்தான். உள்ளே வந்து டிக்கியைத் திறந்தார்கள். ஷட்டர் விழுந்தது.

"ஹார்ன் அடிங்க அண்ணாச்சி."

உமாசங்கர் அடித்தார். பத்து நிமிடம் அடித்தார். யாரும் வரவில்லை.

"வர மாட்டாங்க மேடம். பொன்முடி போற வளைவு இது. ஹார்ன் அடிக்காத வண்டியைத்தான் இங்கே திரும்பிப் பாப்பாங்க."

"நிறுத்துங்க. பேட்டரியைக் கொல்லாதீங்க."

"வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஷட்டரை ஒரே இடி?"

"ஷட்டருக்கு அந்தப் பக்கம் பத்தடி நிலம். அதுக்கு அந்தப் பக்கம் ஆறு."

"வேண்டாம். எனக்கு நீச்சல் தெரியாது."

"சும்மா ஸ்டார்ட் பண்ணி வெக்கவும் கூடாது. பூட்டின ஷெட்டுக்குள்ள இன்ஜின் ஓடினா, அந்தப் புகையே நம்மளை உறங்க வெச்சிரும். எழுந்திரிக்க மாட்டோம்."

உமாசங்கரின் முகத்தில் முதல் முறையாக வியர்வை தெரிந்தது. "அப்போ நமக்கு உள்ளது பேட்டரி மட்டும்."

"பேட்டரியும் பாட்டும்."

"இப்போ பாட்டு ஒரு குறையாக்கும்?"

"ஹார்ன் சத்தம் சுவர்ல முட்டித் திரும்பிரும் அண்ணாச்சி. பேஸ் திரும்பாது, சுவர் வழியா இறங்கிப் போகும். உற்சவத்துக்கு நாலு தெரு தள்ளி ஸ்பீக்கர் வெச்சா, பாட்டு கேக்காது, நம்ம வீட்டு ஜன்னல் மட்டும் ஆடும் பாத்திருக்கீங்களா?"

"ஆனா இந்த வண்டியில அதுதானே இல்லே. அது எங்க போச்சுன்னுதானே நாம வந்தோம்!"

"அதே. வந்த வேலையைப் பாப்போம்."

அவள் சாவியை அரைத் திருப்பு திருப்பினாள். டாஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. ஜெயகுமாரின் பென்டிரைவிலிருந்து ஒரு சிங்காரி மேளம் கிளம்பியது. கதவு ஸ்பீக்கர்களில் இலைத்தாளத்தின் ஜால்ரா ஒலி கிணுகிணுவென்று தெளிவாகக் கேட்டது. அடியில் இருக்கவேண்டிய முழக்கம் மட்டும் யாரோ தலையணைக்குள் இருமுவது போல வந்தது.

"பிளிறத் தெம்பில்லாத பசித்த யானை" என்றார் உமாசங்கர்.

"டிக்கிக்கு வாங்க. டார்ச் பிடிங்க."

டிக்கியின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு கறுப்புத் துணி ஒட்டிய ஒரு மரப்பெட்டி. அதன் முகத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். பக்கத்தில் சின்ன ஆம்ப்ளிஃபயர், பச்சை விளக்கோடு.

"கரன்ட் வருது. ஃபியூஸ் நல்லா இருக்கு. சத்தம் கூட்டுற திருகு?"

"முக்கால் வரை திருகியிருக்கு."

"பேஸ் மட்டும் பிரிச்சு விடுற திருகும் இருக்கவேண்டிய இடத்துலதான் இருக்கு. எர்த் வயரைப் பாருங்க."

உமாசங்கர் குனிந்தார். "பாடியில போல்ட் போட்டு முறுக்கியிருக்கான். அடியில பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு... மேடம், இவன் சுரண்டின இடத்துல முகம் பாத்து ஷேவ் பண்ணலாம்."

"வயருக்கெல்லாம் சீட்டு ஒட்டி, எது எங்க போகுதுன்னு எழுதியிருக்கான் பாருங்க. இவ்வளவு பொறுப்பா வேலை செஞ்சவன் பேஸை மறந்துட்டு போவானா?"

"போக மாட்டான். அப்போ?"

"ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஆளுக்கொரு கை வெப்போம். அமுக்காதீங்க. தொட்டா போதும்."

இரண்டு பேரும் டிக்கிக்குள் தலையை விட்டு, ஆளுக்கொரு ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்தார்கள். மேளம் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு அடிக்கு அடி வெளியே தள்ளுது" என்றாள் அவள்.

"எனக்கு உள்ளே இழுக்குது."

"ஒரே அடிக்கா?"

"ஒரே அடிக்குத்தான்."

"கோளாறைப் பிடிச்சிட்டேன்." திவ்யலட்சுமி ஆம்ப்ளிஃபயரிலிருந்து வலது ஸ்பீக்கருக்குப் போகும் வயரை உருவினாள்.

சத்தம் கூடியது.

உமாசங்கர் திறந்த வாயை மூடாமல் நின்றார். "என்ன அக்கிரமம் மேடம் இது! ரெண்டு பேரு வேலை செஞ்சா சத்தம் கம்மி, ஒருத்தனை சஸ்பெண்ட் பண்ணினா கூடுதா? இதை எங்க டிப்போல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்." ஒரு கணம் யோசித்தார். "இல்லே, நம்புவான்."

"நின்னுபோன பஸ்ஸைத் தள்ளியிருக்கீங்களே. நாலு பேரு பின்னாடி நின்னு தள்ளுறாங்க, நாலு பேரு முன்னாடி நின்னு தள்ளுறாங்க. பஸ் எங்கே போகும்?"

"எங்கேயும் போகாது. எட்டு பேருக்கும் மூச்சுதான் வாங்கும்."

"அதுதான் இங்க நடக்குது. ஒரு ஸ்பீக்கர் காத்தை வெளியே தள்ளும்போ, மத்தது உள்ளே இழுத்துருது. ஒண்ணுல பிளஸ், மைனஸ் மாறிக் கிடக்கு. ரெண்டும் சேர்ந்து ஒண்ணையொண்ணு தின்னுருது."

"சுஜித்து தப்பா மாட்டிட்டானா?"

"சனிக்கிழமை சாயங்காலம் கேட் நடுங்கியிருக்கே. அவன் போன பிறகு யாரோ பெட்டியைத் திறந்து மூடியிருக்காங்க."

"எந்தப் பக்கம்?"

"ஸ்குருவே சொல்லும். வெளிச்சம் காட்டுங்க."

இடது ஸ்பீக்கரைச் சுற்றி எட்டு ஸ்குரு. புதுக் காசு போல மின்னின. வலது பக்கத்து எட்டிலும் தலை சிராய்த்திருந்தது. பழக்கமில்லாத கை, நழுவி நழுவி முறுக்கிய கோடுகள்.

காரின் டூல் கிட்டில் ஸ்குரு டிரைவர் கிடைத்தது. ஸ்டெப்னி டயரை அண்டக் கொடுத்து, பாட்டை நிறுத்திவிட்டு, உமாசங்கர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு ஐம்பது. தகரக் கூரை மதிய வெயிலை வாங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது ஸ்குரு கையோடு வந்ததும், திவ்யலட்சுமி ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கி வெளியே சாய்த்தாள்.

ஸ்பீக்கரின் முதுகில், இரும்புச் சட்டத்தோடு சேர்த்து, உள்ளங்கை அளவு ஒரு வெள்ளைத் துணிப் பொதி கட்டியிருந்தது.

"மேடம்."

"ம்."

"இது கம்பெனி ஃபிட்டிங் இல்லே."

அவள் பொதியின் ஒரு மூலையை விரலால் விலக்கினாள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு காசு தெரிந்தது. அதன்மேல் இன்னொரு காசு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தங்கக் காசுகள்.

"கிடைச்சாச்சு!" உமாசங்கர் துள்ளியதில் தலை டிக்கி மூடியில் இடித்தது. "கேஸ் முடிஞ்சுது! டபுள் பெல்! போலாம் ரைட்!"

திவ்யலட்சுமி சிரிக்கவில்லை.

"என்ன மேடம்? மாலை கிடைச்சா சந்தோஷப்படணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல்லே. இருந்தாலும்..."

"எங்கே கிடைச்சிருக்கு அண்ணாச்சி?"

"ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள."

"பெட்டி யாரு மாட்டினது?"

உமாசங்கரின் கையிலிருந்த டார்ச் மெல்லத் தாழ்ந்தது. "சுஜித்து."

"'திருடி, தான் மாட்டின பெட்டிக்குள்ளயே ஒளிச்சு வெச்சான். வண்டி ரிப்பேருக்கு வரும்போ எடுத்துக்கலாம்னு பேஸைக் கெடுத்து வெச்சான்.' நயினார் இப்படித்தான் சொல்லுவாரு. நான் சர்வேயரா இருந்தா நானும் இப்படித்தான் எழுதுவேன். இதை எடுத்துக்கிட்டு இப்போ வெளியே போனா, அந்தப் பிள்ளை கழுத்துக்கு நாமதான் கயிறு கொண்டுபோறோம்."

உமாசங்கர் ஸ்டெப்னி டயரில் உட்கார்ந்தார். பூட்டிய ஷெட், அதற்குள் மூடிய கார், அதற்குள் திருகிய பெட்டி. மாலை கிடைக்காமல் இருந்தாலும் சுஜித் மாட்டுகிறான். கிடைத்தாலும் மாட்டுகிறான்.

"திரும்ப உள்ளயே வெச்சு முறுக்கிரலாமா மேடம்? நாம ஒண்ணும் பாக்கல்லே."

"பாத்தாச்சே. முழுசாப் பாப்போம்." அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "வயரைப் பாருங்க. ரெண்டும் கறுப்பு. ஒண்ணுல மட்டும் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கோடுள்ளது பிளஸ். இங்கே கோடுள்ளதை மைனஸ்ல செருகியிருக்காங்க."

"கவனிக்காம செருகியிருக்காங்க."

"கவனிக்கணும்னே தெரியாம செருகியிருக்காங்க. வீட்டு பல்புக்கு வயர் எப்படி மாட்டினாலும் எரியும், இல்லையா? அப்படி நெனச்ச கை இது. எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்டைச் சுரண்டுறவன் தூக்கக் கலக்கத்துல கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்."

"அப்போ ஜெயகுமார்?"

"பேஸ் போச்சுன்னு முதல்ல கத்தினது யாரு?"

"அவன்தான்."

"பெட்டிக்குள்ள களவு முதலை வெச்சவன், பெட்டி சரியில்லே வந்து பாருன்னு மெக்கானிக்கைக் கூப்பிடுவானா?"

"நல்லாச் சொன்னிய. ஆனா நயினாருக்கு பிளஸ்ஸும் மைனஸும் சொன்னா புரியுமா? அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் சுக்கும் திப்பிலியும்."

"புரியாது. அவருக்கு ஆள் வேணும்." அவள் பொதியைக் கட்டியிருந்த கட்டை டார்ச்சுக்கு நேரே திருப்பினாள். "இதைப் பாருங்க. டேப் இல்லே, கயிறு இல்லே. வாழை நாரு."

உமாசங்கர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நார் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வளையம் போட்டு, வளையத்துக்குள் நுழைந்து இறுகியிருந்தது. அதே போல் அடுத்தது. அடுத்தது. ஒரே இடைவெளி, ஒரே இறுக்கம். மேளம் அடிக்கும்போது காசு குலுங்கிச் சத்தம் போடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது.

"மேடம், இது முடிச்சு இல்லே."

"வேற என்ன?"

"பூத்தொடுப்பு. எனக்க வீட்டுக்காரி ஊசியில கோத்துதான் பழக்கம். இப்படி விரல்லயே வளைச்சு தொடுக்கிறது நாஞ்சில் நாட்டுக் கை. பிறந்ததுல இருந்து செஞ்சாத்தான்..."

அவர் நிறுத்திக்கொண்டார். இருபத்தெட்டு வருட சர்வீஸிலும் அதற்குப் பிறகும், உமாசங்கர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் இறக்கிவிட்டது அதுதான் முதல் தடவை.

"நானும் அதைத்தான் நெனைச்சேன்" என்றாள் திவ்யலட்சுமி. "யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஏன்னுதான் தெரியல. மணி?"

"மூணு இருபது."

"கட்டை அவுக்காம பொதியை உருவுங்க. நாரு குலையக் கூடாது. நான் வயரை மாத்துறேன்."

கோடுள்ள வயர் பிளஸ்ஸுக்கு. கோடில்லாதது மைனஸுக்கு. எட்டு ஸ்குருவில் நான்கு போதும் என்று முறுக்கினார்கள். உருவிய வயரை ஆம்ப்ளிஃபயரில் செருகினாள். நான்கு கதவும், டிக்கியும் திறந்து கிடந்தன.

"காதைப் பொத்திக்குங்க அண்ணாச்சி."

"பொத்த மாட்டேன். பத்து நாளா காணாமப் போனவன் வரான், வரவேற்க வேண்டாமா?"

அவள் சாவியைத் திருப்பினாள்.

முதல் அடியில் ஷட்டரின் பட்டிகள் மொத்தமாகச் சலசலத்தன. இரண்டாவது அடியில் கூரைத் தகரம் துருவைக் கொட்டியது. மூன்றாவது அடி காலுக்கடியில் தரை வழியாக ஏறி, வயிற்றில் வந்து நின்றது. ஆற்றின் இரைச்சல் எங்கேயோ போய்விட்டது. உமாசங்கர் ஏதோ கத்தினார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். டாஷ்போர்டு விளக்கு ஒவ்வொரு அடிக்கும் மங்கி எரிந்தது. மூன்றாவது நிமிடம், மங்கியது மங்கியபடியே நின்றது. பேட்டரி கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

"யாரும் வரல்லே மேடம்!"

"பொறுங்க."

"முழுசா நின்னுபோனா?"

"பொறுங்கன்னேன்."

மேளம் உச்சத்துக்குப் போகும் முன்பே இழுபட்டு, தேய்ந்து, அணைந்தது. டாஷ்போர்டு இருண்டது. ஷெட்டுக்குள் ஆற்றின் சத்தம் மெல்லத் திரும்பி வந்தது.

கூடவே யாரோ ஓடி வரும் சத்தமும் வந்தது. ஈரக் காலின் சத்தம்.

"எந்தா இது! எனக்க பேஸ்! எனக்க பேஸ் வந்நு! பாலம் வரை கேட்டாக்கும்! ஆரு சரியாக்கினது?"

"ஜெயகுமாரா?" திவ்யலட்சுமி ஷட்டரைத் தட்டினாள். "திறங்க! உள்ளே பூட்டிக் கிடக்கோம்!"

"பூட்டா? சாவி எங்கே..." வெளியே அவன் குரல் திடீரென்று தணிந்தது. "அத்தை? நீங்க இங்க என்ன செய்யுது? தரையில என்னத்துக்கு இருக்கு? சாவி உங்க கையிலல்லே இருக்கு!"

உமாசங்கர் திவ்யலட்சுமியைப் பார்த்தார். ஷட்டருக்கு அந்தப் பக்கம், ஒரு தகரத்தின் கனத்தில், அவ்வளவு நேரமும் முத்தாரம்மாள் உட்கார்ந்திருக்கிறாள்.

ஷட்டர் ஏறியது. வெளிச்சத்தில் கண் கூசியது. இடுப்பில் ஈரத் துவர்த்துத் துண்டோடு ஜெயகுமார் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, முத்தாரம்மாள் எழ முயன்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் கேட்டேன்" என்றாள் அவள். "தகரத்துல காதை வெச்சா கேக்கும். நீங்க டிக்கியைத் திறந்ததைப் பாத்ததும் கை தன்னால ஷட்டரை இழுத்துட்டுது. பூட்டினதும்தான் ஐயோன்னு வந்துச்சு. திறக்கணும். திறந்தா என்ன சொல்ல? அப்படியே இருந்துட்டேன்."

"என்ன அத்தை சொல்லுது?" என்றான் ஜெயகுமார்.

திவ்யலட்சுமி பொதியை நீட்டினாள். நார்க்கட்டோடு. முத்தாரம்மாள் அதை வாங்கவில்லை.

"உங்க மாலைதானேம்மா?"

"எனக்க அம்மைக்குள்ளது. அவளுக்கு அவ அம்மை குடுத்தது. திங்களாழ்ச்சை தட்டான் வருவான், உருக்கி, எங்க மக ரேஷ்மி கல்யாணத்துக்கு புது மாடல்ல நெக்லஸ் செய்யணும்னாரு அவரு. ரேஷ்மி கேக்கக்கூட இல்லே. நான் வேண்டாம்னு சொன்னேன்."

"பிறகு?"

"பிறகு என்ன? தட்டானுக்கு ஃபோன் போட்டாரு."

"ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வெக்கணும்னு எப்படித் தோணிச்சு?" உமாசங்கரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த வீட்டுல பீரோ சாவி அவருக்க இடுப்புல. பெட்டி சாவி அவருக்க இடுப்புல. மாலை கழுத்துல கிடந்த நாள் போக மத்த நாளெல்லாம் அவருக்க சாவிக்கு உள்ளதான். கல்யாணம் கழிஞ்சு முப்பத்தெட்டு வருஷம், எனக்குன்னு பூட்டி வெக்க ஒரு டப்பா கிடையாது மக்களே. அந்த சனியாழ்ச்சை ஒரு விசேஷத்துக்குப் போட்டுட்டு வந்தேன், திரும்ப வாங்கி வெக்க அவரு மறந்துட்டாரு, வெச்சதா நெனப்பு. அந்தப் பிள்ளைக்கு சாயா கொண்டுபோனேன். பெட்டியில ஸ்பீக்கரை வெச்சு ஸ்குரு முறுக்கிட்டிருந்தான். எட்டு ஸ்குரு, எண்ணிப் பாத்தேன். ராத்திரி ஜெயகுமார் குளிக்கப் போன நேரத்துல நானும் எட்டு ஸ்குரு கழத்தினேன். வயர் கழண்டு கையில வந்துட்டுது. திரும்பக் குத்தி வெச்சேன்."

"அதுதானா!" ஜெயகுமார் தலையில் கை வைத்தான். "பத்து திவசமா நான் சுஜித்தைச் சீத்தை விளிச்சு திட்டினேன் அத்தை!"

"நான் இதை எடுத்தது அவருக்கு எதிராக்கும். அந்தப் பிள்ளைக்கு எதிரா இல்லே. அவன் தலையில விழும்னு எனக்குத் தோணவே இல்லே. விழுந்த பிறகு வாய் திறக்கல்லே."

திவ்யலட்சுமி கடிகாரத்தைக் காட்டினாள். மூன்று நாற்பது.

"வண்டி பேட்டரி செத்துப்போச்சும்மா. நாங்க பஸ் பிடிச்சு அஞ்சுக்குள்ள போக முடியாது. வீட்டுல லேண்ட்லைன் இருக்கா?"

"இருக்கு."

"நான் பேசட்டுமா?"

முத்தாரம்மாள் வீட்டுக்குள் நடந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். கடையில் மணி அடிப்பது திவ்யலட்சுமிக்குக் கேட்டது.

"ஹலோ... அந்த துப்பறியுற மேடம் இல்லே, நான்தான். நான்தான் பேசுதேன். மாலை கிடைச்சாச்சு... காருக்குள்ள... அந்தப் பிள்ளை வெக்கல்லே. நான் வெச்சேன்."

அதற்குப் பிறகு ரிசீவரிலிருந்து வந்த சத்தம், வாசற்படியில் நின்ற உமாசங்கருக்கும் கேட்டது.

"கத்தாதீங்க, கடையில ஆளு நிக்கும்... எதுக்கா? உருக்கக் கூடாதுன்னு... சொன்னேன். மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீங்க பேப்பர் வாசிச்சிட்டிருந்திய."

மறுபடியும் சத்தம். அவள் ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்து, அது ஓயும் வரை காத்திருந்தாள்.

"போலீசுக்கா? தாராளமா போங்க. எழுதிக் குடுக்கும்போ அந்தப் பிள்ளை பேரை வெட்டிட்டு எனக்க பேரை எழுதுங்க. முத்தாரம்மாள். இனிஷியல் உங்களுக்குள்ளதைப் போடாதீங்க. எனக்க அப்பாக்குள்ளதைப் போடுங்க."

ஃபோனுக்குச் சற்றுத் தள்ளி, நயினாரின் குரல் யாரிடமோ பேசியது. "டேய்... மேல இருக்கிற பையனைக் கீழ கூட்டிட்டு வா. அவன் அம்மைகூட அனுப்பு. ஒண்ணும் கேக்க வேண்டாம், அனுப்புன்னா அனுப்பு." ஒரு பெண் பெரிதாக அழும் சத்தம் தூரத்தில் கேட்டது. ரத்னாபாய்.

பிறகு ரிசீவரில் ஏதோ மெல்லிய முணுமுணுப்பு. ஒரே வார்த்தை. முத்தாரம்மாள் கேட்டுக்கொண்டாள். ரிசீவரை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னாரும்மா?" என்றாள் திவ்யலட்சுமி.

முத்தாரம்மாள் நார்க்கட்டை ஒரே இழுப்பில் அவிழ்த்து, மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டியான்னு கேட்டாரு. இதுவரை கேட்டதில்லே." முந்தானையைச் சரிசெய்தாள். "மனுஷன் பயந்துட்டாரு."